சிப்பாய் சிங்காரம் படுத்துக்கொண்டது

சிப்பாய் ஜோக்குக்குப் படம் போடுகிறவன் சண்டை நடக்கும் இடத்திலிருந்து வெகு தூரத்தில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பான். இந்தத் தொழிலில் இருக்கிற வசதி அது. அசிங்கமும் அதுதான்.

இங்கே நான் எழுதப்போவதில் முக்கியமான ஒன்றைப் பல வருஷமாக நம்பியும் நம்பாமலும் வந்திருக்கிறேன். கார்கில் சண்டையின்போது எங்கள் கல்வராயன் மலையைச் சேர்ந்த ஒரு பையன், நான் போட்ட படத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டே குண்டுக்கு எதிரே போனான் என்பது அந்த விஷயம். சொன்னவர் அந்த இடத்தில் கூட இருந்தவர். அது பொய் என்றால் எனக்கு நிம்மதி. உண்மை என்றால் அந்தச் சாவில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

உங்களில் போர்டு எழுதியவர்கள் இருப்பீர்கள். பத்திரிகைக்குத் துணுக்கு அனுப்பியவர்கள் இருப்பீர்கள். கல்யாண வீட்டில் நாலு பேரைச் சிரிக்கவைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து, அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று தூக்கம் கெட்டவர்களும் இருப்பீர்கள். நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என்றுதான் எழுதுகிறேன். சிரிப்பு வருகிற இடத்தில் சிரிக்கலாம். அந்த ஜோக்குகள் சிரிப்பதற்காகவே செய்யப்பட்டவை.

சேவலை அழித்து ஒரு சிப்பாய்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எனக்குக் கடை. கடை போர்டு, நம்பர் பிளேட், கட்சிக்காரர்களுக்குச் சுவர் எழுத்து, திருவிழா பேனர், எது வந்தாலும் செய்வேன். சண்டைச் செய்தி வர ஆரம்பித்த வாரம், எதிர்வரிசை மிலிட்டரி ஓட்டல்காரர் கடைக்கு வந்தார். மிலிட்டரி ஓட்டல் என்றால் கறியும் குடலும் மீனும் கிடைக்கும் என்பது நமக்குத் தெரியும். பட்டாளத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவருடைய போர்டில் அதுவரை ஒரு சேவல்தான் இருந்தது. "மிலிட்ரின்னு பேர வச்சிக்கினு இந்த நேரத்துல கோழி நிக்கறது நல்லா இல்லபா. ஒரு சிப்பாய நிக்க வை" என்றார்.

நான் சிப்பாயைப் பக்கத்தில் பார்த்ததே இல்லை. போலீஸ்காரர் உடம்பு, என்.சி.சி. பையன் தொப்பி, என் மச்சானுடைய மீசை, மூன்றையும் சேர்த்து ஒருவனைச் செய்தேன். கையில் துப்பாக்கி கொடுத்தேன். காலடியில் 'ஆட்டுக்கால் சூப் கிடைக்கும்' என்ற வரியை அழிக்க மனம் வரவில்லை. அது நல்ல எழுத்து. போர்டு காய்வதற்குள் ஒருவர் வந்து அதன் எதிரே நின்றார். ஒட்ட வெட்டிய தலை, தோளில் பச்சைப் பை. வடக்கனந்தல் தணிகாசலம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பட்டாளத்திலிருந்து லீவில் வந்தவர்; லீவை ரத்து செய்து தந்தி வந்திருந்தது. படத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உள்ளே இருந்த என்னைக் கேட்டார்: "ஏம்பா ஆர்ட்டிஸ்ட்டு, இவன் சண்டைக்குப் போறானா, வெறகு வெட்டப் போறானா?"

வாயை மூடு

அவரே உள்ளே வந்து, என் மட்டக்கோலை எடுத்துத் துப்பாக்கி பிடிப்பது எப்படி என்று காட்டினார். அப்போது பக்கத்து அச்சகத்தின் முதலாளி அங்கே வந்தார். அவர் ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார். கல்யாண விளம்பரமும் அரிசி மில் விளம்பரமும் போக மிச்ச இடத்தில் செய்தி வரும். ஊரெல்லாம் சண்டையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால், அவருக்கு வாரா வாரம் ஒரு சிப்பாய் ஜோக்கு தேவைப்பட்டது. "ரத்தம் வேணாம்யா. பெரிய பேப்பர்ல அது ஜாஸ்தியா வருது. நமக்குச் சிரிப்பு போதும்" என்றார். எனக்கு வரையத் தெரியும், விஷயம் தெரியாது. தணிகாசலத்துக்கு விஷயம் தெரியும். போக வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு, ஒரு டீயை ஆறவிட்டபடி அவர் சொல்ல ஆரம்பித்தார்.

பட்டாளத்தில் டிரில் முழுக்க இந்தியில். இடது பக்கம் திரும்பு என்பதற்கு 'பாயே முட்' என்று கத்துவார்களாம். புதிதாகச் சேர்ந்த நம் ஊர்ப் பையன் ஒருவன், எல்லோரும் இடது பக்கம் திரும்ப, தான் மட்டும் நேரே பார்த்துக்கொண்டு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றானாம். ஹவில்தார் மூக்குக்கு எதிரே வந்து மறுபடி கத்த, அவன் இன்னும் இறுக்கி மூடினானாம். "வாயை மூடுன்னுதானே சொன்னாரு, மூடிக்கினுதானே இருக்கேன்" என்று சாயந்தரம் அழுதானாம். அந்தப் பையன் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு ஊர், பெயர் அண்ணாமலை, இப்போது தன் யூனிட்டில்தான் இருக்கிறான் என்று சொன்னார். நான் படத்தில் அவனுக்குச் சிங்காரம் என்று பெயர் வைத்தேன். தொப்பையும் கப்பல் மீசையும் கொடுத்தேன். பத்திரிகை வந்த அன்று அரிசி மண்டிக்காரர் ஒருவர் கடைக்கு எதிரே சைக்கிளை நிறுத்தி, இறங்காமலே சொன்னார்: "எங்க வூட்லயும் தெனம் அந்த டிரில்தாங்க நடக்குது."

தூங்குகிற சிங்காரம்

தணிகாசலம் போவதற்குள் கொடுத்துவிட்டுப் போன விஷயங்கள் சில வாரங்களுக்கு ஓடின. 'தம்' என்றால் இந்தியில் நில். அணிவகுப்பில் அதைக் கேட்ட சிங்காரம் சட்டைப்பையில் பீடி தேடினான். காவலுக்கு நின்ற சிங்காரம் துப்பாக்கியைக் கட்டிப்பிடித்துத் தூங்கினான். தணிகாசலத்தின் மனைவி வடக்கனந்தலிலிருந்து ஒவ்வொரு படத்தையும் கத்தரித்துத் தன் கடிதத்தோடு வைத்து அனுப்புகிறாள் என்று கேள்விப்பட்டேன். எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது அந்தப் பெருமையை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

தூங்கும் படம் வந்த வாரம் ரிட்டயரான பட்டாளத்துக்காரர் ஒருவர் குடையோடு கடைக்குள் நுழைந்தார். பத்திரிகை அவர் கக்கத்தில் இருந்தது. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றேன். அவர் பத்திரிகையைப் பிரித்து, சிங்காரத்தின் மூடிய கண்ணில் விரலை வைத்தார். "இது தப்பு தம்பி. எங்கள தூங்க வுட்டது யாரு?"

ஆகே படு

தணிகாசலம் சொன்னது தீர்ந்துபோனது. முதலாளி விடவில்லை. அப்போது நானாக ஒன்று செய்தேன். இதுவரை சொன்னதெல்லாம் பட்டாளத்தில் நடந்தவை, அல்லது நடந்ததாக அவர் சொன்னவை. இது மட்டும் என் மூளையில் பிறந்தது.

அவர் பேச்சோடு பேச்சாக, முன்னேறிப் போ என்பதற்கு இந்தியில் 'ஆகே பட்' என்று கத்துவார்கள் என்று சொல்லியிருந்தார். அந்தச் சொல் என் காதிலேயே கிடந்தது. நம் காதுக்கு அது படு என்றுதான் விழும். படம் போட்டேன். அதிகாரி கையை உயர்த்தி 'ஆகே பட்' என்கிறார். படையே துப்பாக்கியோடு ஓடுகிறது. சிங்காரம் மட்டும் தலைக்குக் கை கொடுத்துத் தரையில் படுத்திருக்கிறான். அவன் வாய்க்கு மேலே எழுதினேன்: 'படுன்னு சொல்லிட்டு எல்லாரும் எங்க ஓடுறாங்க?'

அந்த வாரம் பத்திரிகை மத்தியானத்துக்குள் தீர்ந்தது. அதுவரை நான் செய்த எதையும் ஊர் அப்படி வாயில் போட்டுக்கொண்டதில்லை. டீக்கடையில் எழுந்து கிளம்புகிறவர்கள், "சரி, ஆகே படு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கரும்பு லாரிக்கு வழி விடச் சொல்பவர்கள் படு என்றார்கள். கவனித்தீர்களா, சில நாட்களுக்குள் அந்தச் சொல் திரும்பிக்கொண்டது. படு என்றால் எங்கள் ஊரில் முன்னே போ என்று ஆகிவிட்டது. நான் அப்போது கவனிக்கவில்லை. வெள்ளிமலை பஸ்ஸில் ஒருநாள் ஏறியபோது, கண்டக்டர் படிக்கட்டில் தொங்கியவர்களைப் பார்த்து, "உள்ள படு, படு, ஆகே படு" என்று நெட்டிக்கொண்டிருந்தார். நடுவில் பலாப்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நின்ற ஒருவர் திரும்பாமலே பதில் சொன்னார்: "நிக்கவே எடமில்ல, நீ வேற பாயப் போடுற."

பேனரில் ஒரு முகம்

அண்ணாமலை செத்துப்போனான் என்ற செய்தி அதற்குப் பிறகுதான் வந்தது. உடலைக் கொண்டுவருகிறார்கள், மலைக்குப் போகிற வழியெல்லாம் கூட்டம் நிற்கப்போகிறது, பேனர் வேண்டும் என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் வந்தார்கள். முதலாளி சிங்காரத்தை நிறுத்திவிட்டார்.

பேனருக்காக ஒரு சின்ன போட்டோ கொடுத்தார்கள். ஒல்லியான முகம். மீசை சரியாக அரும்பவில்லை. காது இரண்டும் கொஞ்சம் விலகி நின்றன. இத்தனை வாரமாக நான் வரைந்துவந்தது இவனை என்று அங்கிருந்தவர்களில் எனக்கு மட்டும் தெரியும். கட்டம் போட்டுப் பெரிதாக்கும்போது, வாய் இருந்த கட்டத்துக்கு வந்ததும் கை நின்றது. மூடியதற்காக ஊரே சிரிக்கும்படி நான் வரைந்த வாய் அது. போட்டோவில் இருந்தபடியே, இறுக்கமாக, மூடிய உதடு போட்டேன்.

பேனரை ஜீப்பில் கட்டிக்கொண்டு காட் ரோடு ஏறினேன். ஊரே நின்றது. சாமைக் கொல்லை வரப்பு வரைக்கும் ஆட்கள். அவன் அப்பா குட்டையான மனிதர், புதுத் துண்டு போர்த்தியிருந்தார். யாரோ கொடுத்த துண்டு, அதில் கடை லேபிள்கூடக் கிழிக்கவில்லை. பேனரைத் தூக்கி நிறுத்தியதும் அண்ணாந்து பார்த்தார். அழவில்லை. எழுதியது யார் என்று கேட்டு, என் பக்கம் வந்து, ஒரு வேலைக்காரன் இன்னொரு வேலைக்காரனிடம் பேசுகிற குரலில் சொன்னார்: "எம்புள்ள மொறைச்சி நான் பாத்ததில்லபா. கொஞ்சம் சிரிக்கறாப்ல பண்ணிக் குடுக்கறியா?"

தணிகாசலம் சொன்னது

பெயிண்ட் கொண்டு போயிருந்தேன். உதட்டின் இரண்டு ஓரத்தையும் தொட்டுவிட்டேன். அது சிரிப்பு ஆகவில்லை. சிரிப்புப் படம் போட்டே பெயர் வாங்கியவனுக்கு அன்று அது வரவில்லை.

சில மாதம் கழித்துத் தணிகாசலம் லீவில் வந்தார். இளைத்திருந்தார். நேரே என் கடைக்கு வந்து, "மலைக்கு வரியா? அவங்க அப்பாவ பாக்கணும். தனியா போக ஒரு மாதிரியா இருக்கு" என்றார். போனோம். வாசலில் பலா மரத்தடியில் ஆளுக்கு ஒரு கல்லில் உட்கார்ந்தோம். கடுங்காப்பி கொடுத்தார்கள். அண்ணாமலையின் அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள். புடவை ஓரம் மட்டும் தெரிந்தது. அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார், கடைசி நேரத்தில் பையன் எப்படி இருந்தான் என்று.

தணிகாசலம் டம்ளரைக் கீழே வைத்தார். "பாறை மேல ஏறிக்கினு இருந்தோம்பா. அவன் எனக்கு முன்னாடி. எதுருல இருந்து சுட ஆரம்பிச்சிட்டானுங்க. நான் படுன்னு கத்தினேன். உங்க புள்ள என்னைத் திரும்பிப் பார்த்தான். இதோ இவரு போட்ட படம் எங்க செட்டுல எல்லார் கையிலயும் சுத்தும். படுன்னா எங்களுக்குள்ள முன்னாடி போன்னு ஒரு தமாஷு. அவனுக்குச் சிரிப்பு வந்துட்ச்சி. சிரிச்சிக்கினே முன்னால போனான். அவ்ளோதாங்க. வலி கிலி இன்னான்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்காது."

கொல்லையில் யாரோ மாட்டை அதட்டுகிற சத்தம் கேட்டது. படு என்று கத்தியிருக்கிறார், அவன் படுக்கவில்லை. எதனால் படுக்கவில்லை என்பதை அவரே சொல்லிவிட்டார். ஆனால் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்ததாகத் தெரியவில்லை. அங்கிருந்த யாருக்கும் அது உறைக்கவில்லை. "சிரிச்சானா?" என்று அப்பா கேட்டார். சிரித்தான் என்றார் தணிகாசலம். அப்பா எழுந்து வந்து, என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். "கடைசியா எம்புள்ளைய சிரிக்க வச்சது நீயாபா? நல்லா இருக்கணும் நீ."

ஒவ்வொரு வருஷமும்

அவன் பெயரில் ஊர் எல்லையில் ஒரு தூண் எழுப்பினார்கள். மழையும் பனியும் எழுத்தைத் தின்றுவிடும். வருஷம் தவறாமல் நினைவு நாளுக்கு முன்னால் நான் போய் எழுத்துக்குக் கறுப்பு கொடுப்பேன். இது நானாக ஏற்றுக்கொண்டது. தணிகாசலம் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவரும் வருஷா வருஷம் வந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து அவரைப் பேசச் சொல்வார்கள். அவர் அந்தக் கதையைச் சொல்வார். அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து, சிரித்தான் என்ற இடம் வரும்வரை தலை குனிந்திருப்பார். அந்த இடத்தில் நிமிர்ந்து எல்லோரையும் ஒருமுறை பார்ப்பார். அதற்காகவே அவர் அந்த வருஷத்தை ஓட்டியதுபோல இருக்கும்.

நான் தூணுக்குப் பின்னால் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டு கேட்பேன். பல வருஷம் கேட்டவனுக்குத்தான் கதை நகர்வது தெரியும். ஒரு வருஷம், "நான் படுன்னு கத்தினேன்" என்றார். இன்னொரு வருஷம், "ஆகே பட்டுன்னு கத்தினேன்" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். வேறொரு வருஷம் கத்தியதே இல்லை, கையால் ஜாடை காட்டியதாகச் சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சந்தேகம். மகனை இழந்தவர் எதிரே உட்கார்ந்து கேட்கும்போது, நல்ல மனிதன் எதைச் சொல்வான்? சிரித்தான் என்றுதான் சொல்வான். என்னை மலைக்குக் கூட்டிக்கொண்டு போகும்போதே அதை யோசித்து வைத்திருப்பாரோ? குண்டு வரும்போது ஒருவன் சிரிப்பானா? எனக்குத் தெரியாது, நான் மின்விசிறிக்குக் கீழே இருந்தவன்.

மலை இறங்குகிற பஸ்ஸில் ஒவ்வொரு முறையும் இரண்டு ஆசை எனக்கு. அந்தக் கதை பொய்யாக இருக்க வேண்டும், எனக்காக. உண்மையாக இருக்க வேண்டும், அந்த அப்பாவுக்காக. தணிகாசலத்தைக் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம். ஆனால் கேட்டு, அது பொய் என்று தெரிந்து, அடுத்த வருஷம் அப்பா நிமிர்கிற நேரத்தில் நான் எங்கே பார்ப்பேன்? அப்பா இருக்கும்வரை கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். ஒருநாள் பொறுக்காமல் அச்சக முதலாளியிடம் மட்டும் சொன்னேன். அவர் புரூஃபிலிருந்து தலையை எடுக்கவில்லை. "நம்ம ஜோக்குக்குச் சிரிக்கறவனே கம்மி. செத்தவன் ஒருத்தன் சிரிச்சான்னு வந்து சொல்றாங்க, அதையும் நம்ப மாட்டேன்றியா?"

வடக்கனந்தலில்

போன வருஷம் அண்ணாமலையின் அப்பா இறந்துவிட்டார். காரியம் முடிந்து சில நாள் விட்டு வடக்கனந்தலுக்குப் போனேன். தணிகாசலம் மரவள்ளி போட்டிருந்தார். பம்பு செட்டு எதிரே தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெள்ளை.

"இன்னா ஆர்ட்டிஸ்ட்டு, பிரஷ்ஷு கிஷ்ஷு இல்லாம கைய வீசிக்கினு வந்துருக்க?"

"சும்மாதாண்ணே."

"சும்மா வர்ற மூஞ்சா இது. குந்து."

உட்கார்ந்தேன். தண்ணீர் விழுகிற சத்தத்தில் பேசுவதற்கு இருவரும் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. மரவள்ளிக்கு விலை இல்லை என்றார். முழங்கால் வலி என்றார். பேச்சு அப்பாவிடம் வந்தது. "அவரு போனதுக்கப்பறம் ஒண்ணு தோணுது. இனிமே அந்த விஷயத்த நான் யாருக்குச் சொல்றது? பசங்களுக்கு அது வெறும் கதைதானே."

"அவருக்காகத்தான் சொல்லிக்கினு இருந்தீங்களாண்ணே?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. காலைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் தரையில் ஊன்றினார். "சிரிச்சது நெஜம். அத நான் கூட்டிச் சொல்லல. இந்தக் கண்ணால பாத்தேன். மத்ததெல்லாம் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். கேட்டுக்கோ."

மோட்டாரை நிறுத்த எழுந்தார். சத்தம் நின்றதும், நான் எதைக் கேட்க வந்திருக்கிறேன் என்பது எனக்கே அப்போதுதான் முழுசாக விளங்கியது. அவன் சிரித்தானா என்பது இத்தனை வருஷமாக என் கேள்வியாக இருந்தது. அது கேள்வியே இல்லை. தணிகாசலம் கத்தியது தமிழ்ப் படு என்றால், அவன் படுத்திருக்க வேண்டும். படுக்காமல் போனதற்கு என் படம் காரணம். அவர் கத்தியது இந்தி பட் என்றால், அவன் சொன்னபடி கேட்டு முன்னே போனான். அப்படியானால் நான் தப்பித்தேன். ஆனால் அவனைப் போ என்று சொன்னவர் என் எதிரே, ஸ்விட்சில் கை வைத்தபடி நிற்கிறார். அதனால்தான் கதை வருஷத்துக்கு ஒரு மாதிரி மாறியதோ? அல்லது அவருக்கே இப்போது தெரியாதோ? நான் இறக்கி வைக்க நினைக்கிற சுமைக்குக் கீழே ஒரு தோள் வேண்டும். அங்கே இருந்தது ஒரே ஒரு தோள்தான்.

எழுந்து, வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பாதி எழுந்தும்விட்டேன். அவரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கேட்கட்டும் என்று நின்றாரா, கேட்காமல் போகட்டும் என்று நின்றாரா, தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டையே சிரிக்கவைத்த ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமல், நரைத்த இரண்டு பேர் ஒரு பம்பு செட்டு எதிரே நின்றுகொண்டிருந்தோம்.

"அண்ணே, அன்னிக்கு நீங்க கத்துனது எந்த பாஷைண்ணே?"